கட்டி கரைந்துவிட்டதே, இனியும் கீமோ எதற்கு?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் நீக்கியும், அவருடைய ஒப்புதலோடு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய அக்காவும் அக்கா கணவரும் சில ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். அவர்களுடைய ஒரே மகனை நான்கு வயதிலிருந்து சித்தியான இவரே வளர்க்கிறார். பையனுக்கு இப்போது ஒன்பது வயது. பிறக்கும்போதே எச்.ஐ.வி. தொற்று இருந்தது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் மாதம் தவறாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்து வந்திருக்கிறார். ஏழு மாதங்களுக்கு முன்பு பையனின் கழுத்தில் நெறி கட்டியது. ஊருக்குப் பக்கத்தில் பார்த்த மருத்துவர் சதைப் பரிசோதனை எதுவும் செய்யாமல் காசநோய் என்று மருந்து தொடங்கினார். ஆறு வாரத்தில் கழுத்து வீக்கம் இரு மடங்காகி, வயிறும் உப்பிக்கொண்டது. பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்த்தபோது அது பர்கிட் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

ஆறு சுற்றுக் கீமோ என்று திட்டமிட்டார்கள். முதல் சுற்றிலேயே கழுத்து வீக்கம் போன இடம் தெரியவில்லை. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு வாய் முழுவதும் புண், விடாத காய்ச்சல், பதினொரு நாள் வார்டில் இருக்க வேண்டியதாகிவிட்டது. அந்த நாட்களில் பையன் எதை விழுங்கினாலும் வாந்தி எடுத்ததால், எச்.ஐ.வி. மாத்திரையைப் பத்து நாள் கொடுக்காமல் விட்டிருக்கிறார். மூன்றாவது சுற்றுக்கு வரச் சொன்ன தேதி போய் ஆறு நாளாகிவிட்டது. "கட்டிதான் போயிருச்சே, இனியும் பிள்ளையப் போட்டு வதைக்கணுமா?" என்று மாமியார் கேட்கிறார். உறவினர் ஒருவர் கூட்டிப்போய்க் காட்டிய இன்னொரு மருத்துவர், "இந்த நோய் உள்ள பிள்ளைக்குக் கீமோ தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். வார்டில் பையனின் கட்டிலில் மட்டும் ஒரு சிவப்பு ஒட்டு ஒட்டியிருந்ததும், செவிலியர்கள் அவனிடம் வரும்போதெல்லாம் கையுறை போட்டதும் இவரை மிகவும் நோகடித்திருக்கின்றன. கணவர் மாட்டுத்தாவணியில் சுமை தூக்குகிறார். இவர் பூப்பறிக்கப் போவார், இப்போது அதுவும் இல்லை. இவருக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். கடிதத்தின் கடைசி வரி இது: "நான் தொடர்ந்து பார்க்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் சொல்லுங்கள், டாக்டர்."

அன்புள்ள சகோதரி,

கடிதம் கைக்கு வந்த அன்றே, நீங்கள் எழுதியிருந்த எண்ணில் அழைத்து, மறுநாள் முதல் பேருந்தில் பையனைக் கூட்டிக்கொண்டு போகும்படி சொன்னேன். ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதைத் தொலைபேசியில் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

கரைந்த கட்டி

பர்கிட் லிம்போமா மனிதருக்கு வரும் புற்றுநோய்களிலேயே மிக வேகமாக வளர்வது. அதன் செல்கள் 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். உங்கள் பையனின் வயிறு சில வாரங்களில் அப்படி உப்பியதற்குக் காரணம் அதுதான். அதே வேகம்தான் சிகிச்சைக்குச் சாதகமாகவும் ஆகிறது. கீமோ மருந்துகள் பிளந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்களையே அதிகம் தாக்குவதால், இந்தக் கட்டி பனிக்கட்டிபோலக் கரைகிறது. ஒரு வாரத்துக்குள் கட்டி தெரியாமல் போவதைப் பார்த்து மகிழாத தாயை நான் கண்டதில்லை. ஆனால், கைக்குத் தட்டுப்படாமல் போவது வேறு, நோய் போவது வேறு. தோட்டத்தில் கோரையைப் பிடுங்கிய அன்று மண் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு உள்ளே கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் மிச்சமிருக்கும் செல்களை ஒழிப்பதற்குத்தான் மீதி நான்கு சுற்றுகளும்.

முதுகில் போடும் ஊசியும் அதற்காகத்தான். அது கால்களை முடக்கிவிடும் என்று பக்கத்துக் கட்டிலில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முடக்காது. நரம்பு வழியாக ஏற்றும் பல மருந்துகள் மூளைக்குப் போதிய அளவில் போய்ச் சேருவதில்லை. இந்த நோய்க்கோ மூளையையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் தேடிப் போகும் குணம் உண்டு. ஆகவே அங்கே நேராக மருந்தைச் செலுத்துகிறார்கள். ஊசி போட்ட அன்று தலைவலி வரலாம், சிறிது நேரம் தலையணை இல்லாமல் படுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

இந்த நோய் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே வந்துவிடும். அப்படித் திரும்பிய நோயைக் குணப்படுத்துவது மிகக் கடினம். மாறாக, சிகிச்சையை முடித்து ஓராண்டைத் தாண்டிவிட்ட குழந்தை ஏறக்குறையக் கரையேறிவிட்ட குழந்தை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறுவதற்காக மருத்துவர் சில நாள் தள்ளிப்போடுவது சிகிச்சையின் ஒரு பகுதி. நாமாகத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்தக் கிழங்குக்கு விடும் தண்ணீர். ஆறு நாள் என்பது கவலைக்குரியது, ஆனால் கை மீறிப் போனதன்று. அதனால்தான் அந்த அவசரம்.

இதில் உங்களைக் குற்றம் சொல்ல நினைக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. இந்த இடைவெளிக்கு மருந்துத் தட்டுப்பாடு மட்டும் காரணம் அன்று. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, வேறு நோய் என்று தவறாக முடிவு செய்வது, சிகிச்சையின்போது வரும் கிருமித் தொற்று, பாதியில் நிறுத்திவிடுவது ஆகியவையும் காரணங்கள். பிரேசிலின் வடகிழக்கில் ரெசிஃபே என்ற நகரில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைப் பற்றிய ஒரு பழைய கணக்கு உண்டு. 1980களில் அங்கே நூற்றுக்கு 16 குழந்தைகள் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனார்கள். ஐந்தாண்டுக்குப் பிறகும் நோயின்றி இருந்தவர்கள் 32 பேர் மட்டுமே. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, பழகிய செவிலியர்கள், வெளியூர்க் குடும்பங்களுக்குத் தங்குமிடம், போக்குவரத்து உதவி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாதியில் விட்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே இறங்கினார்கள், நோயின்றி இருந்தவர்கள் 63 ஆனார்கள். அது வேறு புற்றுநோய், வேறு நாடு. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் நீங்கள் சிகிச்சையை நிறுத்த நினைப்பதற்கு எழுதியிருக்கும் காரணங்களில் பேருந்துக் கட்டணம் இருக்கிறது, வார்டில் பட்ட அவமானம் இருக்கிறது, காய்ச்சல் வந்த இரவின் பயம் இருக்கிறது. மருந்து கேட்கவில்லை என்ற காரணம் இல்லவே இல்லை.

"இந்த நோய் உள்ள பிள்ளைக்கு வீண்" என்று சொன்னது

அந்த மருத்துவர் சொன்னது ஒரு காலத்து உண்மை. கூட்டு மருந்து இல்லாத நாட்களில் எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்குக் கீமோ கொடுத்தால், இருக்கிற கொஞ்ச எதிர்ப்புச் சக்தியும் அழிந்து தொற்றிலேயே குழந்தை போய்விடும். 2004 ஏப்ரலில் நம் நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இன்று வைரஸ் கட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அதே கீமோவை, கூடுதல் கண்காணிப்போடு, குணப்படுத்தும் நோக்கத்திலேயே கொடுக்கிறோம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மருந்தைக் குறைப்பதோ வீட்டுக்கு அனுப்புவதோ இப்போது சரியான மருத்துவம் அன்று.

நூற்றுக்கு எத்தனை பங்கு பிழைப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பு மஜ்ஜை, முதுகு நீர் பரிசோதனை முடிவுகளையும் இரண்டாம் சுற்றுக்குப் பிந்தைய ஸ்கேனையும் பார்க்காமல் உங்கள் பையனுக்கு ஓர் எண்ணைச் சொல்வது அறமாகாது. பொதுவாக ஒன்று சொல்லலாம். ஆப்பிரிக்க நாடுகளில், மிக எளிய மருந்துகளை வைத்துக்கொண்டு, நம் வார்டுகளில் உள்ள வசதிகூட இல்லாத இடங்களில், பர்கிட் வந்த குழந்தைகளில் சுமார் பாதிப் பேரைக் குணப்படுத்தியிருக்கிறார்கள். முழு வசதியுள்ள இடங்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறுகிறார்கள். எச்.ஐ.வி. இல்லாத பிள்ளைகளைவிட உங்கள் பையனுக்குத் தொற்று ஆபத்துக் கூடுதல் என்பதையும் மறைக்க மாட்டேன். கீமோவினாலேயே உயிர் போகும் ஆபத்து சிறிதளவு உண்டு. சிகிச்சையை நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்தோ அதைவிட மிகமிகப் பெரிது. இரண்டையும் தராசில் வைத்துத்தான் தொடருங்கள் என்கிறேன். ஒருவேளை பின்னால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போனால், வலியில்லாமல் வைத்துப் பார்க்கும் மருத்துவமும் உண்டு. அந்தப் பேச்சுக்கு இப்போது இடமில்லை.

கைப்பேசியில் தேடியபோது உடம்பெல்லாம் கருஞ்சிவப்புத் தடிப்புகளோடு குழந்தைகளின் படங்கள் வந்ததாகவும், அதைப் பார்த்து இரவெல்லாம் உறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது கபோசி சர்கோமா என்னும் வேறு நோய். மலாவி, உகாண்டா போன்ற நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடம் அது நிறைய உண்டு. அதை உண்டாக்கும் வைரஸ் நம் பகுதியில் குறைவு, ஆகவே இங்கே அது மிக அரிது. இங்கே நாங்கள் அதிகம் பார்ப்பது லிம்போமாவைத்தான்.

மாத்திரை தவறாமல் கொடுத்தும், சி.டி.4 (எச்.ஐ.வி. தாக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருந்தும் இது ஏன் வந்தது, தன் கவனிப்பில் குறையோ என்று நீங்கள் குமைவதும் கடிதத்தில் தெரிகிறது. எச்.ஐ.வி. தொடர்பான புற்றுநோய்களில் சி.டி.4 நன்றாக இருக்கும்போதும் வரக்கூடியது பர்கிட். நான்கு வயதுவரை அவன் உடம்பில் வைரஸ் எவ்வளவு காலம் கட்டில்லாமல் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? நீங்கள் கொடுத்த ஐந்தாண்டு மாத்திரைதான் இன்று கீமோவைத் தாங்கும் உடம்பை அவனுக்குத் தந்திருக்கிறது.

காசநோய் மருந்தில் போன ஆறு வாரத்தைப் பற்றி மற்ற வாசகர்களுக்காக ஒரு சொல். எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு நம் பக்கத்தில் நெறி கட்டினால் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், நெறி வாரத்துக்கு வாரம் வளர்ந்தாலும், அழுத்தினால் வலியில்லாமல் கெட்டியாக இருந்தாலும், தாடை அல்லது வயிறு வீங்கினாலும், காசநோய் மருந்து தொடங்கிய சில வாரத்தில் குறைவதற்குப் பதில் கூடினாலும், சதை எடுத்துப் பார்க்காமல் மருந்தைத் தொடரக் கூடாது. ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனையில் தெளிவில்லை என்றால் நெறியையே எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். இரண்டு நோயும் ஒரே குழந்தைக்குச் சேர்ந்தே வருவதும் உண்டு. உங்கள் பையனின் சதையில் காசநோய்க் கிருமி இல்லை என்று உறுதியானதால்தான் அந்த மருந்தை நிறுத்தினார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சிவப்பு மாத்திரைகளை அவனுக்கு மறுபடி கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின் எச்.ஐ.வி. மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இரண்டு மருந்தும் சேர்ந்தே ஓட வேண்டும்

கீமோ தொடங்கியபோது பழைய எச்.ஐ.வி. மாத்திரையை மாற்றினார்கள், பழையது பலிக்காமல்தான் மாற்றினார்களோ என்று கேட்கிறீர்கள். அப்படி இல்லை. அவன் முன்பு சாப்பிட்டதில் சிடோவுடின் இருந்தது. அது ரத்தம் ஊறும் மஜ்ஜையைத் தளர்த்தும், கீமோவும் அதையே செய்யும். ரிட்டோனாவிர் இருந்தது. அது கீமோவிலுள்ள வின்கிரிஸ்டின் மருந்தை உடம்பு வெளியேற்றவிடாமல் தடுத்து, கைகால் மரத்துப்போவது, கடும் மலச்சிக்கல் போன்ற நரம்புத் தொல்லைகளைக் கூட்டும். இப்போது கொடுத்திருக்கும் அபகாவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் கீமோவோடு அவ்வளவாக மோதுவதில்லை. யோசித்துச் செய்த நல்ல மாற்றம் அது. புதிய மாத்திரையில் முதல் ஆறு வாரத்துக்குள் தடிப்பு, காய்ச்சல், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து வந்தால் அபகாவிர் ஒவ்வாமையா என்று பார்க்க உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்களாக நிறுத்தி நீங்களாகத் திரும்பத் தொடங்குவது ஆபத்து.

பத்து நாள் மாத்திரை விட்டதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்த பிள்ளைகளுக்குத்தான் பிறகு வைரஸ் மருந்துக்கு மசியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இனி வாந்தி வந்தால், மாத்திரை கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டால் அதே மாத்திரையை மறுபடி கொடுங்கள். அரை மணி கழித்து என்றால் வேண்டியதில்லை. வாந்தி மருந்தை முதலில் கொடுத்து, அது வேலை செய்யும் நேரம் பார்த்து மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் தங்கிவிடும். வாய்ப்புண்ணால் விழுங்கவே முடியாதென்றால், தண்ணீரில் கரையும் மாத்திரை கிடைக்குமா என்று ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள்.

கடையில் வாங்கிய இரும்புச் சத்து, கால்சியம் டானிக்கை மாத்திரையோடு சேர்த்தே கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்போடு செய்ததுதான், ஆனால் இரும்பும் கால்சியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். டானிக் தேவைதானா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். தேவை என்றால் மாத்திரை முதலில், டானிக் இரண்டு மணி நேரம் கழித்து. டானிக் முந்திவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். பப்பாளி இலைச் சாறு வேண்டாம். வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் பச்சையாக அரைத்த எதுவும் வயிற்றுக்குள் கிருமியைக் கொண்டுபோகும். உறவினர் சொன்ன சூரணம் எதுவானாலும் பொட்டலத்தோடு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான்.

இன்னொன்று. வார்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மாத்திரைகளைப் பாட்டிலிலிருந்து கொட்டி ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். ஈரம் பட்டால் மாத்திரை கெட்டுவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் சிறிய ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, அதே பாட்டிலில் வைத்து, மேலே உள்ள தாளை வேண்டுமானால் கிழித்துவிடுங்கள்.

சி.டி.4 பாதியாகக் குறைந்துவிட்டது என்று பதறியிருக்கிறீர்கள். கீமோ எல்லா வெள்ளணுக்களையும் குறைப்பதால் சி.டி.4 குறைவது எதிர்பார்த்ததே, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் ஏறிவிடும். இந்தக் காலத்தில் நாம் பார்க்க வேண்டியது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பது. நிமோனியாவைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் விடாதீர்கள். மீத்தோட்ரெக்சேட் என்னும் கீமோ மருந்தை ஏற்றும் நாட்களில் மட்டும் மருத்துவரே அதை நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.

காய்ச்சல் வந்த இரவு

அந்தப் பதினொரு நாளுக்கு முந்தைய இரவை நீங்கள் விவரித்திருப்பதுதான் கடிதத்திலேயே என்னை அதிகம் உலுக்கிய பகுதி. ஒன்பது மணிக்கு உடம்பு சுட்டது. பாராசிட்டமால் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, விடிந்ததும் போகலாம் என்று உட்கார்ந்திருந்தீர்கள். விடியும்போது பையன் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. அவன் பிழைத்தது பெரிய காரியம்.

கீமோ முடிந்து ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் தொற்றின் அடையாளம், சளியோ சீழோ தெரியாது. ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அக்குளில் வைத்தே பாருங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் இரவா பகலா என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். ஆண்டிபயாடிக் ஊசி மருத்துவமனை சேர்ந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற வேண்டும் என்பதே எங்கள் கணக்கு. முதலில் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. காய்ச்சல் இல்லாமலே பிள்ளை குளிர்ந்து, துவண்டு, மூச்சு வாங்கினாலும் அதே அவசரம்தான்.

உங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு நாற்பது கிலோமீட்டர், இரவில் வண்டி கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இப்போது போகும்போதே மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். "இந்தக் குழந்தை கீமோவில் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் ரத்தம் எடுத்துவிட்டு இன்ன ஆண்டிபயாடிக்கை இன்ன அளவில் உடனே நரம்பில் கொடுத்து அனுப்பவும், இடுப்பில் ஊசி போட வேண்டாம்" என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 108ஐ அழைத்து உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு அங்கிருந்து மதுரைக்குக் கிளம்புங்கள். அந்தக் கடிதம் எப்போதும் பையில் இருக்க வேண்டும். முடிந்தால், எண்ணிக்கை இறங்கும் அந்த ஒரு வாரம் மட்டும் மதுரையில் உறவினர் வீட்டிலோ, மருத்துவமனையில் கேட்டுத் தங்குமிடத்திலோ இருந்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கச் செய்யுங்கள். கஞ்சியை ஆறவைத்து, காரமும் புளிப்பும் இல்லாமல் கொடுங்கள். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், பையனை உடனே வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து பிள்ளையை அனுப்புவது மாமியாருக்கு மனக்குறையாக இருக்கலாம், எடுத்துச் சொல்லுங்கள். அவனுக்கு அம்மை உயிர்ப் பிரச்சினை.

சிவப்பு ஒட்டும் கையுறையும்

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வருந்தியிருக்கிறீர்கள், இரண்டும் ஒன்றல்ல. கீமோ ஏற்றிய 48 மணி நேரம்வரை அந்த மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். அது தோலில் படக் கூடாது என்பதற்காக எந்தக் குழந்தைக்குக் கீமோ கொடுத்தாலும் செவிலியர்கள் கையுறை போடுவார்கள். வீட்டிலும் அந்த இரண்டு நாள் வாந்தியைத் துடைக்கும்போது நீங்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அது எச்.ஐ.வி.க்காக அன்று.

கட்டிலில் ஒட்டு ஒட்டியது முற்றிலும் தவறு. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதையும், பள்ளியில் இடம் மறுப்பதையும், ஒதுக்கி வைப்பதையும் அது தடை செய்கிறது. ஒப்புதல் இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்வதையும் தடை செய்கிறது. எல்லோரும் பார்க்கும்படி ஒட்டு ஒட்டுவது வாயால் சொல்வதற்குச் சமம். குழந்தைக்குச் சிகிச்சை அளிக்கும் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குத் தேவை கருதித் தெரிவிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே கீமோ மருத்துவரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் மறைக்காதீர்கள், மறைத்தால் மருந்துகள் மோதும். பக்கத்துக் கட்டில்காரருக்கு நீங்கள் ஒன்றும் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

முதலில் வார்டுப் பொறுப்புச் செவிலியரிடமும் பிரிவுத் தலைவரிடமும் நேரில், நிதானமாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மருத்துவமனையின் குறைகேட்கும் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அதற்கும் மேலே, மாநில அளவில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. அவர் முப்பது நாளுக்குள்ளும், உயிருக்கு அவசரமான மருத்துவ விஷயத்தில் கூடியவரை 24 மணி நேரத்துக்குள்ளும் உத்தரவிட வேண்டும். 1097 என்ற இலவச எண்ணில் அழைத்தால் எங்கே போவது என்று வழி சொல்வார்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: புகார் ஒரு பக்கம் நடக்கட்டும், அதற்காக ஒரு சுற்றுக் கீமோவும் தள்ளிப்போக வேண்டாம்.

பள்ளியில் புற்றுநோயைச் சொல்லலாம், எச்.ஐ.வி.யைச் சொல்ல வேண்டியதில்லை. புற்றுநோயைச் சொன்னால் விடுப்பும் கிடைக்கும், வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தால் உங்களுக்குத் தகவலும் வரும். உங்கள் மகள்களுக்கு அவனிடமிருந்து புற்றுநோய் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் ஒரே பாயில் படுப்பதாலும் எச்.ஐ.வி.யும் ஒட்டாது.

பணமும் காகிதமும்

அரசு மருத்துவமனையில் கீமோவும் ஏ.ஆர்.டி.யும் இலவசம், காப்பீட்டு அட்டை இல்லை என்று சிகிச்சை நிற்காது. இருந்தாலும் பையனின் பெயரை உங்கள் குடும்ப அட்டையில் சேர்த்துவிடுங்கள். இறந்துபோன பெற்றோரின் அட்டையிலேயே அவன் பெயர் கிடப்பதுதான் உங்கள் சிக்கல்களுக்கெல்லாம் வேர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையை வைத்தே பதியப்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை அதில் கிடைக்கும். பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றிதழ்களோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம், வருமான வரம்பு உண்டு. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்றே தமிழ்நாட்டில் ஓர் அறக்கட்டளையும் இருக்கிறது. ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரிடம் அதற்கான படிவத்தைக் கேளுங்கள். இவை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை பேருந்துக் காசுக்கு வழியில்லை என்றால், அதை வாய்விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் வராமல் இருந்துவிடுவதைத்தான் எங்களால் சரிசெய்ய முடிவதில்லை.

அவன் கேட்ட கேள்வி

"எனக்கு மட்டும் ஏன் சித்தி ரெண்டு ஆஸ்பத்திரி?" என்று அவன் கேட்டதாகவும், "சும்மா இரு" என்று அதட்டிவிட்டுப் பின்வாசலில் போய் அழுததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகளுக்கு அவர்களுடைய நிலையைப் பக்குவமாகத் தெரிவிக்க வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. புற்றுநோயை இப்போதே சொல்லிவிடலாம், வார்டில் மற்றப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு அவன் பாதி தெரிந்துதான் வைத்திருப்பான். எச்.ஐ.வி. என்ற பெயரை எப்போது, எப்படிச் சொல்வது என்பதை ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள், கீமோ முடியும்வரைகூடப் பொறுக்கலாம். அதுவரை பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை கேட்டால் அருகில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கு. அதைத் தூங்கவைக்கத்தான் நீ சின்னதிலிருந்து மாத்திரை சாப்பிடுறே, அதுக்கு ஓர் ஆஸ்பத்திரி. இப்ப கழுத்திலயும் வயித்திலயும் கட்டி வந்துச்சுல்ல, அதைக் கரைக்க இன்னோர் ஆஸ்பத்திரி. கட்டி வெளியில தெரியல, உள்ள கொஞ்சம் இருக்கு. அதுக்கு இன்னும் நாலு தடவை போகணும். நாலு தடவையும் நான் கூடவே வருவேன்."